நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்

"பின்வாசல் வழியா போ குமுதா. புள்ளைங்க நல்ல காரியத்துக்குக் கெளம்புற நேரம்."

மாமியார் வடிவம்மாள் முன்வாசலில் குறுக்கே கையை நீட்டி நின்றாள். மறு கையில் ஆரத்தித் தட்டு.

"பின்வாசல் வழியா போயி என்னா செய்யிறது அத்த? இன்னிக்குச் சந்தை லீவு. கோபிஸ் லோரி ஓடல லா."

குமுதாவின் கழுத்தில் விசில் தொங்கியது. தாலி இருந்த இடத்தில் விசிலா என்று தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பெண்கள் நாலு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

அவள் கணவன் தினேஸ்வரன் தானா ராத்தா மலையூரில் ஒரு சின்னக் கல்லூரியின் கால்பந்துக் கோச். நானூறு மாணவர்கள், ஒரு திடல், லேசாகச் சாய்ந்த கோல் கம்பம். அவ்வளவுதான் கல்லூரி. நாலு வருஷத்துக்கு முன்னால் மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி அவன் போய்விட்டான். அவன் ஆட்டத் திட்டமெல்லாம் பாதிக்கு மேல் குமுதாவின் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவை. மாநிலப் பெண்கள் அணியில் இடது பக்கத் தடுப்பாட்டம் ஆடியவள் அவள். அதனால் கல்லூரி பெரிய மனசு பண்ணி அவளைத் 'தற்காலிக உதவிக் கோச்' ஆக்கியது. தலைமைக் கோச் பதவி கணக்கியல் ஆசிரியர் சாமிநாதனுக்குப் போனது. பந்து உருண்டையாக இருக்கும் என்பது வரை அவருக்குக் கால்பந்து தெரியும்.

அணி ஜெயிக்க ஜெயிக்க அவர் உயர்ந்தார். முதல் வருஷம் தலைமைக் கோச். அடுத்த வருஷம் கூடவே விளையாட்டு ஒருங்கிணைப்பாளர். அதற்கடுத்து ஏதோ ஒரு குழுவின் தலைவர். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான். குமுதா மட்டும் நாலு வருஷமும் தற்காலிகமாகவே நிரந்தரமாக இருந்தாள்.

அணியில் பாதிப் பேர் தோட்டத்துப் பையன்கள். ஆகவே வெளியூர் ஆட்டத்துக்கு வேன் கிளம்புவது அவள் வீட்டுக்கு எதிரே இருக்கும் மாரியம்மன் கோவில் வாசலிலிருந்துதான். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். ஒரு சுமங்கலி ஆரத்தி எடுப்பாள். தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாது, வண்டிக்குள்ளும் இருக்கக்கூடாது. இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் சாமிநாதன். கோவில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

அதனால் குமுதா நாலு வருஷமும் ஆட்ட நாளில் விடிவதற்குள் பின்வாசல் வழியாக இறங்கி, சந்தைக்குக் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், ஏற்றிப் போகும் பக்கிரிசாமியின் லோரியில் ஏறிப் போனாள். அணி வந்து இறங்கும்போது அவள் திடலில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். மேலெல்லாம் கோஸ் வாடை அடிக்கும். ஈப்போவில் மற்ற கோச்சுகள் அவளுக்கு வைத்த பெயர் 'கோபிஸ் கோச்'. அவளும் கூடவே சிரிப்பாள். ஆனால் வலித்தது. ஒவ்வொரு தடவையும் வலித்தது.

இன்றைக்கு ஈப்போவில் இறுதி ஆட்டம். "பென்ச்சில் நீயே உட்கார்ந்து ஆட்டத்தை நடத்து. திங்கட்கிழமை தலைமைக் கோச் கடிதம் உன் கையில்" என்று கல்லூரி முதல்வர் வாய்விட்டே சொல்லிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

இங்கே பூசாரி சாமிநாதன். கோவில் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "குமுதா, நீ வீட்டுலயே இரும்மா. நான் பாத்துக்கறேன். யார எறக்கணும், யார ஏத்தணும்னு மட்டும் வாட்சப்புல போட்டுடு."

"கோச் இல்லாம எப்படி சார்?" என்றான் கேப்டன் மகேன்.

"டேய், நான்தானடா கோச்!"

பதினாறு பையன்களும் குமுதாவின் வீட்டு வாசலைப் பார்த்தார்கள்.

வடிவம்மாள் வாசற்படியில் நின்றபடியே தட்டைச் சுற்றினாள். தேங்காய் உடைந்தது. ஓட்டுநர் காளியண்ணன் சாவியைத் திருகினார். வேன் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுபடி திருகினார். இருமல்கூட இல்லை.

"பேட்டரி போச்சு சார். தள்ளச் சொல்லுங்க. ஒருதரம் புடிச்சிக்கிச்சுன்னா நிப்பாட்ட மாட்டேன். நின்னா செத்துரும். ஈப்போ வரைக்கும் ஒரே ஓட்டம்தான்!"

பையன்கள் தள்ளினார்கள். பதினாறு பேரும் ஒரே மூலையில் குவிந்து, ஒருத்தன் காலை ஒருத்தன் மிதித்து, "ஏய்! ஹோய்!" என்று கத்தினார்கள். சாமிநாதன் பக்கத்தில் நின்று கைதட்டினார். வேன் ஒரு சாணும் நகரவில்லை.

மாமியாரின் கைக்கு இந்தப் பக்கம் நின்று குமுதா அதைப் பார்த்தாள். அமங்கலி என்று சொன்னால் பொறுத்துக்கொள்வாள். பின்வாசல் என்றால் பொறுத்துக்கொள்வாள். ஆனால் இவ்வளவு கேவலமாக ஓர் அணி நிற்பதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது.

குனிந்தாள். வடிவம்மாளின் கைக்கு அடியில் புகுந்து முன்வாசல் வழியாகவே ஓடினாள். விசில் லயம் முழுக்கக் கிழித்துக்கொண்டு போனது.

"மகேன், எடது பக்கம்! உயரமானவனுங்க நடுவுல! குனிஞ்சி தள்ளுங்கடா! நான் ஊதுனதும் ஒண்ணா!"

ஒரே ஊதல். வேன் நகர்ந்தது. நாலு பழமும் நசுங்கின. சரிவில் இறங்கியது, குலுங்கியது, உறுமியது. பிடித்துக்கொண்டது!

"ஏறுங்கடா! நிக்காது! ஏறுங்க!" என்று காளியண்ணன் அலறினார்.

பையன்கள் ஓட ஓட ஏறினார்கள். மகேன் கதவில் தொங்கிக்கொண்டு கையை நீட்டினான். "கோச், வாங்க!" குமுதா ஓடினாள், தாவினாள், உள்ளே விழுந்தாள். அவளை இறக்கிவிட வேண்டுமென்றால் வேனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வேன் செத்துவிடும். ஆகவே நாலு வருஷச் சட்டம் அந்தச் சரிவிலேயே முடிந்தது.

"நிப்பாட்டு! யோவ், நிப்பாட்டு!" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தவர் சாமிநாதன். பிரிஞ்சாங் சாலை வளைவில் அவர் பனியில் மறைந்தார். வேனுக்குள் சிரிப்பு அடங்கக் கோலா தெர்லா தாண்ட வேண்டியிருந்தது. குமுதாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. அதில் பாதி சிரிப்பால் வந்ததல்ல.

மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். சாமிநாதன் டாக்சி பிடித்துக் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வந்து சேர்ந்தார். ஜெயித்த பிறகு எடுத்த படத்தில் கோப்பையோடு நடுவில் நிற்பவர் அவர்தான்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. குமுதா தலைமைக் கோச். கூடவே இன்னொரு கடிதம்: சாமிநாதன் விளையாட்டு இயக்குநர்.

அடுத்த மாதம் ரவூப்பில் ஆட்டம். வேன் கோவில் வாசலில் நின்றது. புது பேட்டரி. வடிவம்மாள் முன்வாசலை அகலத் திறந்து வைத்திருந்தாள். சாமிநாதன் கையில் நாலு பழத்தோடு ஓடி வந்தார்.

"குமுதா, வேனுக்கு முன்னால வந்து நில்லும்மா. ஒன் மொகத்துல முழிச்சுதான் வண்டி கெளம்பணும்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோம். ஒன் மொகம் அவ்ளோ ராசி!"

"ஆமா தாயி" என்றாள் வடிவம்மாள். "நானே சொன்னேன்."

குமுதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி சார். இன்னிக்குத் தோத்துட்டா?"

சாமிநாதன் பழங்களைக் கை மாற்றிப் பிடித்தார். வடிவம்மாளின் கண் தன்னையறியாமல் பின்வாசல் பக்கம் போய்த் திரும்பியது.

"பழத்தக் குடுங்க சார்."

அவர் கொடுத்தார். குமுதா நாலையும் வாங்கிக்கொண்டு வேனுக்குப் பின்புறம் போனாள். தண்ணீர்ப் பீப்பாயின் மூடியைத் திறந்து, பழங்களை நறுக்கி, கடைசிச் சொட்டு வரை பிழிந்து, உப்பும் சீனியும் போட்டுக் கலக்கினாள்.

"இடைவேளைக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ்" என்று மகேனிடம் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "எடுங்க காளியண்ணே, நேரமாச்சு."