காற்று பட்ட மஞ்சள்

புழுக்கள் சாகவில்லை.

கெய்ரோ ஆய்வகத்துப் பெண் தொலைபேசியில் இதைச் சொன்னபோது ராவியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நல்லா பாத்தீங்களா? கொஞ்சமாவது சோர்ந்து கிடக்குதா?"

"சோர்வா? ஜோடி சேர்ந்து முட்டை போட்டுட்டு இருக்குதுங்க மேடம். உங்க மருந்து அதுங்களுக்கு விருந்து மாதிரி இருக்கு."

ராவியா போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். தெற்கு எகிப்தின் ஸோஹாக் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது பில்ஹார்சியா புழு. கால்வாய்த் தண்ணீரில் நிற்பவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போய், மெல்ல மெல்ல ஈரலைக் கெடுக்கிற புழு. அதைக் கொல்ல அவள் செய்த கந்தகச் சேர்மம் முதல் தடவை அற்புதமாக வேலை செய்தது. அவளுடைய வழிகாட்டி டாக்டர் வஜீஹ் உடனே அதைக் கட்டுரையாக்கி, இரண்டு பேர் பெயரிலும் வெளியிட்டார். அந்த முதல் சரக்கு இளமஞ்சளாக இருந்தது. இப்போது அனுப்பியது பால் போல வெள்ளை. முன்னதைவிட எவ்வளவோ சுத்தம். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

டாக்டர் வஜீஹுக்கு உறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "புழு நோஞ்சானா இருந்தா சாகும், கொழுத்துப் போயிருந்தா சாகாது. இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போடுவாங்களா? மறுபடி அனுப்பும்மா."

மறுபடி அனுப்பினாள். புழுக்கள் மறுபடியும் செழித்தன.

"சரி, விடு," என்றார் அவர். "முதல் கணக்கு அச்சுல வந்தாச்சு. அதை வச்சே ஆய்வேட்டை எழுதி முடி. உன் கெடு இந்த வருஷத்தோட முடியுது. அதுக்குள்ள பட்டம் வாங்கலேன்னா ஆசிரியர் வேலை போயிடும். அலுவலகத்துல உக்காந்து கோப்பு கட்டணும். தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர். ஆனா முதல் தடவை புழுவைக் கொன்னது எது?"

"உன் மருந்துதான்!"

"என் மருந்து இந்த வெள்ளைப் பொடி. இது எதையும் கொல்லலையே."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். போகலாம் என்று அர்த்தம்.

முதல் சரக்கில் மிச்சம் இருந்தது ஒரு சின்னக் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள்தான். அதைக் கரைத்து, சிலிக்கா மணல் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் தலையில் ஊற்றினாள். கரைப்பான் சொட்டுச் சொட்டாக இறங்க இறங்க, வெள்ளையாக இருந்தது பின்தங்கியது. நூல் போல ஒரு மஞ்சள் வளையம் மட்டும் தனியே பிரிந்து முன்னால் ஓடியது. பக்கத்து மேசைக்காரி ஐரினி எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இதை எறும்பு தூக்கிட்டுப் போனாக்கூடத் தெரியாதுடி."

"இதுதான் ஆள்," என்றாள் ராவியா.

வளையத்தைக் குடுவையில் பிடித்து, கரைப்பானை ஆவியாக்கும் இயந்திரத்தில் மாட்டினாள். பாதியில் மின்சாரம் போய்த் திடுக்கென்று வந்தது. குடுவை பொங்கி, இருந்ததெல்லாம் இயந்திரத்தின் தொண்டைக்குள் போய்விட்டது. ஐரினி வாயில் கை வைத்தாள். ராவியா இயந்திரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றினாள். ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் கரைப்பான் விட்டு அலசினாள். அலசிய கரைப்பானை ஒன்றுசேர்த்து, திரும்பவும் குழாயின் தலையில் ஊற்றினாள். முன்பைவிட மெல்லிய நூலாக மஞ்சள் இறங்கி வந்தது.

அதன் மூலக்கூறு எடையை அளந்து சொன்ன கெய்ரோ மின்னஞ்சலைப் பார்த்ததும் அவள் அதை மறுபடி ஒருமுறை படித்தாள். தன் சேர்மத்தின் எடையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு மூலக்கூறுகள் கந்தகத்தோடு கந்தகம் கைகோத்து ஒன்றாகியிருந்தன. காற்று பட்டால் அப்படித்தான் ஆகும். அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது: முதல் சரக்கு செய்த நாட்களில் நைட்ரஜன் சிலிண்டர் காலியாகிக் கிடந்தது. குடுவையைத் திறந்தே வைத்திருந்தாள். அதன்பிறகு ஒழுங்காக நைட்ரஜன் போட்டுக் காற்றைத் தடுத்ததுதான் மருந்தைக் கொன்றுவிட்டது.

மறுநாளிலிருந்து, செய்யக்கூடாது என்று மாணவர்களுக்குத் தானே சொல்லிக் கொடுப்பதையெல்லாம் அவள் செய்தாள். மீன் தொட்டிக்குப் போடும் பம்ப் ஒன்றை வாங்கி வந்து குடுவைக்குள் காற்றைக் குமிழ் குமிழாக ஊதினாள்.

"ஊரெல்லாம் சுத்தமா செய்யறதுக்குப் பட்டம் வாங்குது, நீ கெடுக்கறதுக்கு வாங்கப்போற," என்று ஐரினி சிரித்தாள்.

கந்தக வாடை அவள் முக்காட்டிலும் கைப்பையிலும் ஏறிக்கொண்டது. மைக்ரோபஸ்ஸில் அவளைச் சுற்றி எப்போதும் இடம் காலியாக இருந்தது. புருஷன் ரிஃபாத் கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"மருந்து பண்றியா, அழுகின முட்டை விக்கிறியா?"

"புழுவுக்கு இந்த வாடை பிடிக்காது."

"புருஷனுக்கு மட்டும் பிடிக்குமாக்கும்! போய்க் குளி, ரொட்டியைச் சூடு பண்றேன்."

மஞ்சள் பொடி கெய்ரோவுக்குப் போனது. இம்முறை அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "என்ன அனுப்பினீங்க மேடம்? முதல் தடவை போட்டதுல கால்வாசி கூடப் போடல, எல்லாம் சுருண்டு கிடக்கு!"

ராவியா நேராக டாக்டர் வஜீஹின் அறைக்குப் போனாள். அவர் தாள்களைப் புரட்டப் புரட்ட அவருடைய காது மடல் சிவந்தது.

"அப்போ, நான் போட்ட கட்டுரை தப்புன்னு சொல்ற."

"நாம போட்டது டாக்டர். மருந்து ஒண்ணு, நாம பேர் சொன்னது இன்னொண்ணு. திருத்தம் அனுப்பணும்."

"அனுப்பலேன்னா?"

"ஆய்வேட்டுல நான் உண்மையைத்தான் எழுதுவேன். அதையும் கட்டுரையையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எவனும் கேப்பான்." அவள் உட்காரவில்லை, கண்ணையும் தாழ்த்தவில்லை.

ஒரு வாரம் அவர் தன் அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். பிறகு ஒரு காலை, திருத்தத்தின் வரைவை அவள் மேசையில் வைத்துவிட்டு நின்றார். அவரே எழுதியிருந்தார். "மொழியைப் பாத்துக் கொடு. என் இங்கிலீஷ் உனக்குப் பிடிக்காதே," என்று முறைப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கெடு முடிவதற்குச் சற்று முன்னால் வாய்மொழித் தேர்வு நடந்தது. அரங்கின் முன்வரிசையில் அவள் அம்மாவும் அத்தைகளும் இனிப்புத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கெய்ரோவிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் தாடியைத் தடவியபடி கேட்டார்:

"இது மருந்தாகுமா?"

டாக்டர் வஜீஹ் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"ஆகாது சார். நல்ல ஈரல் செல்லையும் இது கெடுக்குது. கந்தகம் கைகோத்த அந்த இடத்தை அப்படியே விட்டுட்டு, ஓரத்தை மட்டும் மாத்திப் பாக்கணும். ரெண்டு மூணு வடிவம் யோசிச்சு வச்சிருக்கேன். அடுத்த வாரமே தொடங்கறேன்."

"பட்டம் வாங்கின கையோடவா?"

"அதுக்குத்தானே சார் பட்டம்?"

தேர்வாளர் சிரித்து, பேனாவை மூடினார். முடிவைப் படிக்க அவர் எழுவதற்குள் அம்மா அடக்கமாட்டாமல் குலவையிட்டுவிட்டாள். அத்தைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

"இன்னும் நான் எதுவும் சொல்லலையேம்மா!" என்றார் தேர்வாளர்.

"நீங்க சொல்லுங்க, உங்களை யாரு தடுத்தா?" என்றாள் அம்மா, இன்னும் உரக்கக் குலவையிட்டுக்கொண்டே.