இரண்டாம் எண் தொட்டியின் பூட்டு

1.

இந்தக் கதை என்னுடையதல்ல, என் நாத்தனாருடையது. அவள் சோப்பு ஆலையில் கலவைத் தொட்டி கழுவுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள். எழுத்தாளர் என்று பேர் வாங்கிய நான் சும்மா இருப்பேனா? பிடுங்கிக்கொண்டு வந்து முதல் வரியை எழுதினேன்:

அவள் கண்களில் நெருப்பு—

சீ! அவள் கண்ணில் சோப்புத் தூள்தான் இருந்தது. அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.

2.

விஷயம் இதுதான். அவள் கழுவுகிற இரண்டாம் எண் தொட்டியின் அடியில் ஒரு குழி உண்டு. படுத்துத் தவழ்ந்தால்தான் உள்ளே போகலாம், மேலிருந்து பார்த்தால் தெரியாது. சுவிட்சைப் போட்டால் தொட்டியிலும் குழியிலும் தகடுகள் சுழலும். அதனால் உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டு இறங்க வேண்டும். யார் பூட்டோ அவர்தான் திறக்க வேண்டும். (முதலாளியே வந்து நின்றாலும்! இதைக் கேட்டதும்தான் எனக்கு எழுதக் கை அரித்தது.)

அன்று குழிக்குள் வேலை பார்க்க வந்த ஃபிட்டர் தன் பூட்டை அலமாரியிலேயே விட்டுவிட்டார். ஓய்வுபெற ஆறு மாதம் பாக்கி, காதும் கொஞ்சம் மந்தம்.

"உன் பூட்டுதான் தொங்குதேம்மா, அது போதாதா? யாரு மறுபடி அவ்வளவு தூரம் நடக்கிறது?"

இவளும் தலையாட்டிவிட்டாள். தப்பு இரண்டு பேர் மேலும்தான்.

தொட்டியைக் கழுவி முடித்து இவள் ஏறி வந்தபோது, மேனேஜர் சுவிட்ச் பக்கத்தில் நின்றிருந்தார்.

"வெளிய வந்துட்டே இல்ல? பூட்டைத் திற. லாரி நிக்குது."

"ஃபிட்டர் அண்ணன் வந்துட்டாரான்னு தெரியல சார்."

"அவரு அப்பவே கேன்டீனுக்குப் போயிட்டாராம். பாத்தவங்க சொன்னாங்க."

இவள் குழிப் பக்கம் குனிந்து இரண்டு முறை கூப்பிட்டாள். பதில் இல்லை.

"இப்ப திறக்கலேன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்."

3.

இந்த இடத்தில் நான் எழுதியது: அவள் உள்ளங்கை சில்லிட்டது. ஏதோ ஒரு சக்தி அவளுக்குள்—

வாசித்துக் காட்டினேன். மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்தச் சக்தி அண்ணி? எனக்குக் கால் வெடவெடன்னு நடுங்குச்சு. அவசரமா பாத்ரூம் வேற வந்துச்சு."

"அப்புறம் எப்படி எதிர்த்து நின்னே?"

"எங்க எதிர்த்தேன்? சாவியை சட்டைப் பையில போட்டுக்கிட்டு, 'எனக்குத் தெரியல சார், உள்ள போய்ப் பாத்துட்டு வந்து திறக்கறேன்'னு சொல்லிட்டுக் குழிக்குள்ள இறங்கிட்டேன். தெரியலேன்னு சொல்றதுக்கு என்ன பெரிய சக்தி வேணும்?"

ஒரு வாரம் முக்கி முனகியும் எனக்கு அந்த வாக்கியம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

(ஃபிட்டர் நலமாக இருக்கிறார், கவலை வேண்டாம். இவளும் அதே தொட்டியைத்தான் கழுவுகிறாள். பாராட்டு ஒன்றும் வரவில்லை.)

4.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஃபிட்டர் குழிக்குள்ளேயே தகடுகளுக்கு நடுவே படுத்திருக்கிறார். இன்னொன்றில் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கதையில் சேர்க்கப் போனபோது நாத்தனார் தடுத்துவிட்டாள்.

"வேண்டாம் அண்ணி. உள்ள இருந்தாருன்னு எழுதினா என்னைப் பெரிய இவளாக்கிடுவாங்க. கேன்டீன்ல இருந்தாருன்னா பைத்தியக்காரின்னு சிரிப்பாங்க. நான் சாவியைப் பையில போட்டப்ப எனக்கு ரெண்டும் தெரியாதே?"

ஆகவே இரண்டையும் சேர்க்கவில்லை. படிக்கிறவரே, சுவிட்ச் பக்கத்துக்கு நீங்கள் வாருங்கள். மேனேஜர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். உங்களுக்குக் கால் நடுங்குகிறது, நடுங்கட்டும். குழிக்குள் ஆள் இருக்கிறாரா இல்லையா, உங்களுக்குத் தெரியாது.

சாவி உங்கள் கையில்தான் இருக்கிறது.