எட்டணா கூடுதல் மஞ்சள்

கடைத்தெருவில் கிடைக்கும் அதே மஞ்சள்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தீவுக்கு வேலைக்கு வந்து தங்கிவிட்ட ராஞ்சிக்காரர்களின் சர்ச் வாசலில் சபையார் கிலோவுக்கு எட்டணா கூடுதலாகக் கொடுத்து வரிசையில் நின்று வாங்கினார்கள். அதே துறைமுக ஊரில், மரைன் ஹில்லில் குடியிருந்த செல்லத்துக்கு இது பிடிபடவே இல்லை.

"அவங்க சர்ச், அவங்க மஞ்சள். நமக்கென்ன?" என்றார் துறைமுகக் குமாஸ்தாவான அவள் கணவர் கிருஷ்ணமூர்த்தி.

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. அடுத்த ஞாயிறு பையோடு போய் நின்றாள். தராசு பிடித்திருந்தவள் போதகரின் மனைவி சுசீலா குஜூர்.

"ஏன் தீதி இவ்வளவு விலை?" என்று இந்தியில் கேட்டாள்.

"வடக்கே அடுத்த தீவுல, ரங்கத்துல விளையுது பஹன். அங்க வர்ற வியாபாரி ஈரம்னு சொல்லி மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிப்பான். விலையும் அவன் வச்சதுதான். இங்க விளைவிச்சவங்க சொல்றதுதான் விலை. எங்க சபை ஆளுங்க கப்பல்லேர்ந்து இறக்கி வித்துக் குடுக்கறாங்க."

"விளைவிக்கறவங்களும் உங்க சபையா?"

சுசீலா சிரித்தாள். "மஞ்சள் எந்தச் சாமியைக் கும்பிடுதுன்னு நாங்க கேக்கல."

"காசு முழுசும் அவங்களுக்குப் போய்ச் சேருதா?"

"ஜஹாஸ் ஏறிப் போய்க் கேளுங்களேன். தனபாக்கியம்னு ஒருத்தங்க, உங்க மதராசி ஆளுதான்."

சுசீலா விளையாட்டாகத்தான் சொன்னாள். செல்லம் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து நாள் நச்சரித்து, கிருஷ்ணமூர்த்தியிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டாள்.

ரங்கத்தில் தனபாக்கியம் பாதி வெட்டிய டிரம்மில் மஞ்சள் அவித்துக்கொண்டிருந்தாள். "மஞ்சளைப் பத்திக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று வாயைப் பிளந்தாள். பிறகு சோறு போட்டாள். சர்ச்சிலிருந்து காசு ஒரு பைசா குறையாமல் வருகிறதாம். செல்லத்துக்கு நிம்மதி. ஆனால் கொட்டகையில் ஆறு மூட்டை அடுக்கியிருந்ததே!

"இதை ஏன் அனுப்பல?"

"அவங்க ரெண்டு மூட்டைதாம்மா கேக்கறாங்க. வாங்கறது அவங்க ஜனம் மட்டுந்தானே, அதுவே கொஞ்சப் பேரு. மிச்சம் வியாபாரிக்குத்தான்."

இது செல்லத்துக்கு இதுவரை தோன்றவே இல்லை. விலை ஏன் அதிகம் என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். வாங்க ஆள் ஏன் குறைவு என்று யோசிக்கவில்லை. மஞ்சள் இல்லாமல் ஒரு நாளும் நகராத தமிழ் வீடுகள் மரைன் ஹில்லிலும் டெய்ரி ஃபார்ம் பகுதியிலும் எத்தனை இருக்கின்றன!

திரும்பி வந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"சர்ச்சு மஞ்சளா? தாலிக்கயித்துக்குப் பூசலாமா?" என்று இழுத்தாள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா.

"விளைவிச்சவ தனபாக்கியம். அவ கையால சாப்பிட்டுட்டு வரேன். பொங்கப்பானையில கட்டற கொத்துகூட அவ கொல்லையிலயே இருக்கு."

கொத்து என்றதும் பொன்னம்மா படியிறங்கி வந்தாள்.

சுசீலா தனபாக்கியத்துக்கு எழுதிப் போட்ட கடிதத்துக்கு ஆறு மூட்டையும் வந்திறங்கின. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, உள்ளே பாட்டு முடியும்வரை வெளியே மரத்தடியில் பூ வைத்த பெண்கள் கூடைகளோடு காத்திருந்தார்கள். பொன்னம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் பாடறாங்க" என்றாள்.

நான்கு மூட்டை போயிற்று. இரண்டு மிஞ்சின. செல்லத்துக்கு முகம் வாடிவிட்டது.

"உங்க முருகன் கோயில் மேளா எப்போ? அங்க வச்சு வித்துடலாம்." என்று கேட்டாள் சுசீலா.

"பங்குனியில."

"அதுவரைக்கும் ஈரம் படாம இருக்கணும்" என்று போதகர் சர்ச்சுக்குள்ளே பாடகர்களின் பெஞ்சை நகர்த்தி இடம் பண்ணினார். மூட்டையின் ஒரு முனையைப் பொன்னம்மா பிடித்தாள், மறுமுனையைச் செல்லம் பிடித்தாள்.