ஆயில் ஊறும் வண்டி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் ஹார்ஷம் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவின் வாசலில், பொரித்த மீன் வாசனையோடு ஒரு டீசல் யூட், பின்னால் திறந்த தட்டுள்ள வண்டி, வந்து நின்றது. ஓட்டிவந்தவர் மெர்வ், கோதுமை விவசாயி. இறங்கியவர் அவர் மனைவி ஐலீன். வாரம் மூன்று முறை அந்த வண்டியில்தான் வருகிறார்.

நான் எழுதிய முதல் தொடக்கம்: 'மெர்வ் மீன் பொரிக்கும் கடையில் மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, அதில் மெத்தனாலையும் காஸ்டிக் சோடாவையும்...'

அடித்துவிட்டேன். டீசலுக்குப் பதிலாக ஊற்ற அவர் வீட்டிலேயே காய்ச்சும் எண்ணெயின் செய்முறையைச் சொன்னால் தீயணைப்பு வண்டியையும் கதைக்குள் கூப்பிட வேண்டிவரும்.

2

வண்டியின் கணினி கெட்டிக்காரத்தனமானதுதான். என்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து, ஓட்டுபவர் எவ்வளவு மிதிக்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ப டீசலைப் பீய்ச்சச் சொல்கிறது. ஆனால் பீய்ச்சுவது டீசல்தானா என்று ருசி பார்க்க அதற்கு நாக்கு இல்லை. புகை வடிகட்டியில் கரி சேர்ந்தால், அதை எரிக்கக் கொஞ்சம் கூடுதலாகப் பீய்ச்சும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து என்ஜின் ஆயிலில் கலக்கும். டீசல் என்றால் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். மெர்வ் காய்ச்சிய எண்ணெய் அவ்வளவு லேசில் போகாது. ஆயிலை நீர்க்கவைத்தபடி அங்கேயே கிடக்கும். அளவு ஏறும், வழுவழுப்பு குறையும்; அப்படியே விட்டால் ஒருநாள் என்ஜின் இறுகிவிடும்.

(என்ஜின் ஆயிலையும் ஐலீனின் இரத்தத்தையும் ஒப்பிட்டு இங்கே ஒரு வரி இருந்தது. மலிவாகப் பட்டது, எடுத்துவிட்டேன்.)

3

மெர்வ் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார்.

"பாரு ஐலீன். ஊர்ல எல்லா வண்டியும் ஆயில் குடிக்குது. நம்மது ஊறுது."

"போன மாசம் கோட்டுக்குக் கீழதான இருந்துச்சு?"

"இப்ப மேல ஏறிருச்சு. பசு மாதிரி சுரக்குது."

ஐலீன் குனிந்து மோந்து பார்த்தார். "மீன் வாசன அடிக்குது, மெர்வ்."

"என்கிட்டயும் அதான் அடிக்குதுன்னு சொல்ற. அதுக்காக என்னத் தூக்கியா போட்ட?"

"யோசிச்சுட்டு இருக்கேன்."

இந்த இடத்தில் மெர்வை முட்டாளாக்கிவிட எனக்குக் கை அரித்தது. அவர் முட்டாள் இல்லை. மனைவியின் சிறுநீரகத்துக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் எண்ணெயையாவது தன் கையால் செய்கிறார். ஐலீனுக்கும் இது தெரியும். அதனால்தான் அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

4

முடிவு ஒன்று: ஆள் அரவமற்ற சாலையில் என்ஜின் இறுகி நிற்கிறது. போனில் சிக்னல் இல்லை. ஐலீனின் கணுக்கால் ஏற்கெனவே வீங்கி...

மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: தற்செயலாக ஒரு மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். அவ்வளவு வசதியான மெக்கானிக்கை நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை.

மூன்றாவது, முடிவே இல்லை. ஐலீன் பையோடு வீட்டு வாசலில் நிற்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரியின் வண்டியில் போகிறேன் என்று சொல்லலாம். சொன்னால் மெர்வின் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், எழுதப் பயமாக இருக்கிறது.

"ஏறு, நேரமாச்சு," என்கிறார் மெர்வ்.

டிப்ஸ்டிக்கை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. மெர்வ் ஐலீனுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீங்களே சொல்லுங்கள் அவரிடம்.