உப்பில்லாத மணல்

ஐஸ் கட்டியைச் சுற்றியிருந்த சாக்கை மறுபடி நனைத்து, அப்பாவின் சவப்பெட்டிக்கு அடியில் தள்ளினாள் இன்னாசியம்மாள். அப்பா யோவான் செத்து ஒன்றரை நாளாகிறது. மே மாத வெயிலுக்கு ஐஸ் நிற்கவில்லை.

"இதுக்கு மேல தாங்காதும்மா. நாலு மணிக்கு எடுத்துடலாம்," என்றார் கோயில் உபதேசியார்.

"வேலூர் பஸ்ஸு ஆறு மணிக்கு வந்துடுங்க. தம்பி வந்துகினு இருப்பான். நேத்து காலைலயே தந்தி குடுத்துட்டேன்."

தந்தி விலாசத்தில் பம்பாய் என்ற பெயரும் ஒரு தபால்பெட்டி எண்ணும் மட்டும்தான். தம்பி பவுல்துரை அணுசக்தி இலாகாவில் ஃபிட்டர். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டால், "இந்த நம்பருக்கே எழுதுங்க, வந்து சேரும்," என்பான். யோவான் வாரம் தவறாமல் எழுதினார். பதில் வர ஒரு மாதமாகும்.

முதல் பிடி மண் மகன் போடவேண்டும். கடைசியாக அவர் சொன்னதும் அதுதான். "தொர வர்ற வரிக்கும் மூடாத, இன்னாசி."

எதிர்வீட்டு லோகநாதன் காதில் டிரான்சிஸ்டரோடு ஓடிவந்தார்.

"கேட்டியா இன்னாசி? ராஜஸ்தான் பாலைவனத்துல நம்மாளுங்க அணுகுண்டு வெடிச்சிட்டாங்களாம்! உங்க தொர ஆபீசுதாம்மே!"

கையில் லட்டுப் பொட்டலம். பெட்டியைப் பார்த்த பிறகுதான் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"யாரு மேல போட்டாங்க?" என்றார் உபதேசியார்.

"யாரு மேலயும் இல்லீங்க. மண்ணுக்கடியில."

இன்னாசியம்மாள் உள்ளே போய், மாடத்திலிருந்த மூக்குப்பொடி டப்பாவை எடுத்தாள். அதில் இருந்தது, கிறிஸ்துமஸுக்கு வந்த தம்பியின் பூட்ஸிலிருந்து கொட்டிய மணல். பம்பாய்க் கடல் மணல் என்று யோவான் வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் திறந்து காட்டுவார். முதல் நாளே ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னாடா தொர, உப்பே காணோமே?" என்று கேட்டார். வெயிலில் கருகிய முகத்தோடு தம்பி சிரித்தான். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

தந்தி இன்னும் பம்பாயில்தான் கிடக்கும்.

வெளியே வந்து, "மூடிடுங்க," என்றாள்.

"ஆறு மணி பஸ்ஸும்மா?"

"வரமாட்டான். அவன் பம்பாய்லயே இல்ல."

டீக்கடை ரேடியோவைச் சூழ்ந்திருந்தவர்கள், பெட்டி கடக்கும்வரை துண்டை இறக்கிப் பிடித்து நின்றார்கள். கடந்ததும் யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள்.

கல்லறையில் உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். "மகன் மண்ணு யாரு போடறது?"

அவள் முன்னால் வந்து டப்பாவைக் கவிழ்த்தாள். ஒரு பிடிகூடத் தேறாது. பலகையில் விழுந்த சத்தமும் கேட்கவில்லை. விளிம்பில் ஒட்டியிருந்த இரண்டு துகளையும் விரலால் வழித்துப் போட்டாள். பிறகு, காலி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.