நாற்பத்தேழாம் நம்பர் அச்சு

அன்று வார்த்ததை அச்சிலிருந்து எடுத்துப் பார்த்தபோது பொம்மையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிப்போயிருந்தன. கட்டைவிரல் உயரத்தில் ஓர் உலோகப் பெண். கண்ணுக்கு மேல் கைவைத்து, உத்தனப்பள்ளி பஸ் வருகிறதா என்று பார்க்கிறவள். என் மனைவி ரஞ்சிதா, பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் பட்டியில் செய்து ஊசியால் செதுக்கியது. அந்த அசல், ரப்பர் அச்சு எடுக்கும்போதே சூட்டிலும் அழுத்தத்திலும் நொறுங்கிவிட்டது. அது வழக்கம்தான். அதன்பிறகு நாற்பத்தேழாம் நம்பர் அச்சு மட்டும்தான்.

ஓர் அச்சு முந்நூறு வார்ப்புவரை தாங்கும். முதலில் மெல்லிய இடங்கள் போகும். விரல்களுக்கு நடுவில் இருக்கும் ரப்பர் கருகி உதிர்ந்துவிட்டால் திரும்ப வராது.

அச்சு போட்ட முதல் நாளே ரஞ்சிதா தனக்கு ஒன்று கேட்டாள். அச்சு சூடேறும்வரை வருவது சரியிருக்காது, பிறகு நல்லதாகத் தருகிறேன் என்று சொல்லி, வந்தவற்றை மறுபடி உருக்கப் போட்டேன். நல்லவையெல்லாம் பெங்களூருக்குப் போயின. ஐப்பசியில் டெங்கு வந்து நான்கே நாளில் அவளும் போனாள். வீட்டில் ஒரு பொம்மைகூட இல்லை.

இப்போது பெங்களூர்க்காரர்கள் இன்னும் அறுபது கேட்டிருந்தார்கள். அறுபதுக்குள் விரல்கள், முகம் எல்லாமே போய்விடும். ஹீட்டர் சரியில்லை என்று இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள் முதலாளி நாராயணப்பனே வந்து அச்சை எடுத்து நகத்தால் தடவிப் பார்த்தார்.

"ஹீட்டர்ல ஒண்ணுமில்ல கருப்பசாமி. வேணும்னா இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, நான் கேக்கமாட்டேன். ஆனா ரப்பரு சும்மா வெச்சாலும் வெடிச்சுரும்ப்பா."

ரப்பரை அழுத்தி அச்சு எடுக்கும் பிரஸ்ஸை ஓட்டும் விமல்ராஜ் வேறு வழி சொன்னான். "இருக்கறதுல நல்லதா ஒண்ணு ஊத்திக் குடுண்ணே. அத வெச்சுப் புது அச்சு போட்டுடலாம். என்னா, கொஞ்சம் சுருங்கும். அண்ணி கோச்சுக்கமாட்டாங்க, ஒல்லியானா அவங்களுக்குப் புடிக்கும்."

முதலாளி அவனை முறைத்தார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

ஒன்பது வார்த்தேன். எட்டாவதில் முகம் தெளிவாக இருந்தது. ஒன்பதாவதில் அச்சில் முகத்தின் உதட்டருகே ரப்பர் கிழிந்தது. ஆக அந்த எட்டாவதுதான். ரஞ்சிதாவின் டப்பாவிலிருந்து ஊசி அரத்தை எடுத்து, ஒட்டியிருந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்தேன். எனக்கு ஊற்றத் தெரியும், செதுக்கத் தெரியாது. கொஞ்சம் அழுத்தினால் விரலே போய்விடும். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. கோடு விழுந்தது, சற்றே கோணலாக. மூன்று விரல் அவளுடையது மாதிரி இருந்தது. மற்ற இரண்டையும் பார்த்தால் என் வேலை என்று தெரியும்.

விமல்ராஜ் மறுநாள் புது அச்சு போட்டுக் கொடுத்தான். அதில் நன்றாக வந்த ஒன்றையும் அந்த எட்டாவதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். புதியவள் உயரத்தில் ஒரு நகத்தின் தடிமன் அளவு குறைவு. குள்ளமாகத் தெரியவில்லை. இரண்டடி பின்னால் தள்ளி நிற்பவள் போல, அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.