இருட்டுத் திரையில் ஒரு படகு

சாய்ந்தமருது மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறையில் ஹாஜறா வேலை செய்தாள். அன்று கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கிக் கடுமையாக அடித்தது. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம் வயர்லெஸ் செற்றில் அவளுடைய தம்பி ஸிராஜின் குரல் கேட்டது.

“ராத்தா, எஞ்சின் நிண்டுட்டு. போட்டுக்குள்ள தண்ணி ஏறுது. மூணு பேரும் அள்ளி ஊத்துறம், குறையுதில்ல.”

“எங்க இரிக்கீங்க?”

“தெரியா. கரை மறைஞ்சிட்டு.”

“பயப்புடாத. நான் பாத்துச் சொல்றன்.”

ஸிராஜின் படகிலிருந்த கருவி அது நிற்கும் இடத்தைக் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஹாஜறாவின் மேசையில் இரண்டு திரைகள். இடப்பக்கம் காலநிலை, வலப்பக்கம் படகு நிற்கும் இடத்தைக் காட்டும் கடல் வரைபடம். அதற்குக் கிட்டக் கோமாரிக் கடலில் நின்ற பர்ஹானின் படகை அவள் அழைத்தாள். அவன் வலையை அறுத்துவிட்டு உடனே புறப்பட்டான்.

“இடத்தச் சொல்லுங்க ராத்தா.”

அவள் வாயைத் திறக்கும்போது கரண்ட் ஒரு நொடி வெட்டித் திரும்ப வந்தது. பேட்டரியில் கணினி தப்பியது. வலப்பக்கத் திரை மட்டும் அணைந்துபோனது. பொத்தானை எத்தனை தரம் அழுத்தியும் அது எரியவில்லை. வரைபடம் அந்த இருட்டுக்குள் திறந்தபடியே கிடந்தது. மவுஸின் அம்பும் அதற்குள் போய்த் தொலைந்தது.

சங்கத் தலைவர் றாஸிக் வாசலில் நின்றார். “ஓப் பண்ணிட்டுத் திருப்பிப் போடு புள்ள.”

“இது ஒழும்பி வரக்கொள்ள அவனுகள் கடலுக்குள்ள தாண்டு போயிருவானுகள் காக்கா.”

கல்முனையில் கணினி படித்த காலத்தில், மவுஸைக் கழற்றிவிட்டுக் கீபோர்டால் மட்டும் வேலை செய்யப் பழக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு அது தேவைப்படவில்லை. வரைபடத்தை இடப்பக்கத் திரைக்கு நகர்த்த விண்டோஸ் விசையையும் ஷிப்டையும் சேர்த்துப் பிடித்து இடது அம்பை அழுத்தினாள். காலநிலைப் பக்கம் துள்ளி இருட்டுக்குள் போனது. இப்போது எரிந்துகொண்டிருந்த இடப்பக்கத் திரையிலும் ஒன்றுமில்லை.

“ராத்தா, கேக்குதா?” என்றான் பர்ஹான்.

அவள் கீபோர்டைக் கிட்ட இழுத்தாள். பிழை எங்கே என்று புரிந்தது. வரைபடத்தைத் தெரிவு செய்யாமலே அழுத்திவிட்டாள். ஆல்டைப் பிடித்துக்கொண்டு டெப்பைத் தட்டினாள். திறந்திருந்த பக்கங்கள் சின்னச் சின்னப் பெட்டிகளாக வந்தன. தெரிவு வரைபடத்தின் பெட்டிக்கு வந்ததும் விரலை எடுத்தாள். பிறகு மறுபடியும் விண்டோஸ், ஷிப்ட், இடது அம்பு.

வரைபடம் அவள் முன்னால் வந்து நின்றது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

அவள் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். காற்றில் பாதி கேட்கவில்லை என்றான் பர்ஹான். திருப்பி வாசித்தாள். பிறகு தம்பியை அழைத்தாள். பதில் இல்லை. இன்னொரு தரம் அழைத்தாள். செற் இரைந்துகொண்டே இருந்தது. புள்ளி அதற்குமேல் அசையவில்லை. றாஸிக் கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஓதினார்.

வெகுநேரத்துக்குப் பிறகு பர்ஹான் கதைத்தான். “மூணு பேரையும் ஏத்திட்டன். போட்டு கடலுக்குள்ள தாண்டுட்டு.”

ஹாஜறா மேசையில் தலையை வைத்தாள். “அல்ஹம்துலில்லாஹ்” என்று றாஸிக் சொன்னது தூரத்தில் யாரோ சொல்வதுபோல் கேட்டது.

பொழுது பட்டு மஃரிப் நேரம் அவர்கள் கரைக்கு வந்தார்கள். ஸிராஜுக்கு நடுக்கம் நிற்கவில்லை.

“வாப்பா வாங்கித் தந்த போட்டு ராத்தா,” என்றான்.

அவள் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள்.